குட்டி டைனோசருக்கு யார் குரல்?

அத்தியாயம் 17

“அப்பா, இந்தக் குட்டி டைனோசர் ஏன் என்னை மாதிரியே அழுது?”

பொடிசு இப்படிக் கேட்டு நமக்கு முழுசாக ஒரு வாரம் ஆகிவிட்டது. அவள் அப்பாவுக்கு ஒரே ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. அந்த ராத்திரி நம் ஒரு வாரத்தைவிட நீளம் என்பது காலையில் அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நல்ல வேளையாக, கேள்வி வந்த நேரத்தில் அவன் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். “எல்லாக் குட்டியும் அப்படித்தான் அழும்” என்று சொல்லிச் சமாளித்தான். எட்டு வயதுப் பொடிசு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். டேப்லெட்டை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நம்பிய மாதிரி தெரியவில்லை.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவன் ஒலிப்பதிவுக்காரன். இவனுடைய அக்கா ஒரு சின்னக் கம்பெனி நடத்துகிறாள். குழந்தைகளுக்கு டைனோசர்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற ‘முட்டை உலகம்’ என்ற ஆப் அங்கேதான் தயாராகிறது. விரலால் திரையில் மண்ணைத் தோண்டினால் எலும்பு கிடைக்கும். எலும்பைச் சரியாக அடுக்கினால் முட்டை பொரியும். உள்ளேயிருந்து வருகிற குட்டி தன் பெயர் என்ன, தான் இலை தின்கிற ஜாதியா இறைச்சி தின்கிற ஜாதியா என்றெல்லாம் சொல்லும். அதில் கேட்கிற உறுமல், காலடி, ஓடு விரிகிற சத்தம் எல்லாம் இவன் கைவேலை. அலுவலகத்தில் இவனுக்குக் ‘காது’ என்றுதான் பெயர்.

மனைவி, பேச்சு வராத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். அந்தக் குழந்தைகள் டீச்சர் என்று கூப்பிடுவதால் நாமும் அப்படியே கூப்பிட்டு வருகிறோம். அந்தப் படிப்புக்காக நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் பத்து மாதம் வெளியூரில் தங்கியிருந்தாள். பொடிசுக்கு அப்போது நாலு வயது.

தினமும் சாயங்காலம் அம்மா போன் செய்வாள். காது சாப்பாட்டு மேஜைமேல் நல்ல மைக் ஒன்றை வைத்து, பிள்ளை பேசுவதைப் பதிவு செய்வான். பிறகு உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, சிரிப்பாக இருக்கிற ஐந்து நிமிஷத்தை மட்டும் மனைவிக்கு அனுப்புவான். போனை வைத்த பிறகு பொடிசு போட்ட ஆர்ப்பாட்டமெல்லாம் வெட்டுப்பட்ட பகுதியில் போய்விடும். “நான் வெச்ச அப்புறம் என்ன பண்ணினா?” என்று டீச்சர் கேட்பாள். “உடனே விளையாடப் போயிட்டா” என்பான். படிக்கிறவளின் மனசு கெட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்தில் சொன்ன பொய்க்குத்தான் ஆயுசு அதிகம் போலிருக்கிறது.

அந்த அழுகைகளை அவன் அழிக்கவில்லை. ஒலிக்காரர்கள் எதையும் அழிக்க மாட்டார்கள். என்றைக்காவது உதவும் என்று எல்லாவற்றையும் வைத்திருப்பார்கள்.

உதவியும்விட்டது. அதுதான் வினை.

* * *

காலையில் பொடிசு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ செய்துகொண்டிருந்தாள். காது மெதுவாகத் தட்டினான்.

“அப்பாவா? நீ மட்டும் வா.”

சட்டைக் கையை மேலே சுருட்டி, முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறாள். தோல் ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு உரிந்திருந்தது. பிளாஸ்திரி இந்தப் பக்கம் ஒட்டினால் அந்தப் பக்கம் எழும்பியது.

“என்ன கண்ணு இது! நேத்தே சொல்லக் கூடாதா?”

“ஒண்ணும் வலிக்கல. அம்மாகிட்ட சொல்லாத.”

இந்த வீட்டில் இது புதிதல்ல. பல் ஆடினாலும், பரீட்சையில் மார்க் குறைந்தாலும், தோழி சண்டை போட்டாலும் அப்பாவிடம்தான் வரும். கூடவே ‘அம்மாகிட்ட சொல்லாத’வும் வரும். சொந்தக்காரர்கள் எல்லாரும் அப்பா செல்லம் என்று சிரிப்பார்கள். காதுக்கும் உள்ளூர ஒரு பெருமை உண்டு.

டீச்சர் மட்டும் சிரித்ததில்லை. “கீழே விழுந்தா எல்லாப் பிள்ளையும் அம்மான்னுதான் கத்தும். என் பிள்ளை வாயை மூடிக்குது. நான் போனதை அவ இன்னும் மன்னிக்கல” என்று எப்போதோ ஒரு தடவை சொன்னாள். அதற்கும் அவன், “சும்மா எதையாவது கற்பனை பண்ணிக்காத” என்றுதான் பதில் சொன்னான்.

மருந்து போட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டான். கூடத்தில் டீச்சர் பையில் டேப்லெட்டைத் திணித்துக்கொண்டிருந்தாள். புது ஆப்பை அவளுடைய பயிற்சி அறையில் பத்து நாளாகச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

“இன்னிக்கு நாலு மணிக்குத்தானே வெளியிடறீங்க? உங்க அக்காவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க” என்றாள்.

“ம்” என்றான்.

* * *

“பழைய ஆப்ல பிள்ளைங்க சராசரியா ஏழு நிமிஷம் இருந்தாங்க. இப்போ சோதனையில பத்தொன்பது நிமிஷம். சும்மா சொல்லக் கூடாதுடா தம்பி, எல்லாம் உன்னோட அந்த அழுகை பண்ற வேலை!”

அக்கா மேஜைமேல் இருந்த காகிதத்தைத் தட்டினாள். அவளைச் சுற்றிச் சுவரெல்லாம் டைனோசர்கள். தட்டுத் தட்டாக முதுகு வைத்தது, நீளக் கழுத்துக்காரன், நடுவில் அவர்களுடைய நாயகனான மூணு கொம்பன் குட்டி.

ஆப்பை மூடப் போனால் மூணு கொம்பன் அழும். ‘போகாத... இன்னும் கொஞ்ச நேரம்...’ என்று தேம்பும். பிள்ளைகளின் விரல் அப்படியே நின்றுவிடும். திரும்பவும் ஒரு முட்டையைத் தோண்ட உட்கார்ந்துவிடுவார்கள். புதுப் பதிப்பின் பெரிய விஷயமே இதுதான்.

“அக்கா, அந்தச் சத்தத்தை எடுத்துடலாம்.”

“எதை?”

“அழுகையை.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். “பதினோரு அழுகை கொண்டுவந்தே. எல்லாத்துலயும் நடிப்பு வாடை அடிக்குதுன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். பன்னிரண்டாவதா இதைக் கொண்டுவந்தே. கேட்ட உடனே எனக்கே வயித்தைப் பிசைஞ்சுது. இப்போ எடுக்கணும்ங்கறே. காரணம்?”

“பிள்ளைங்க பயப்படறாங்க.”

“யாரும் பயப்படல. எனக்கே காது குத்தறியா?”

தெரிந்தவர் வீட்டுப் பெண் என்றுதான் அன்றைக்கு அக்காவிடம் சொல்லியிருந்தான். சொந்த அத்தையே அடையாளம் கண்டுபிடிக்கவில்லை என்பதில் அப்போது அவனுக்குத் தன் கைத்திறன்மேல் ஒரு கர்வம்கூட வந்தது. பிறகு சொல்கிறேன் என்று எழுந்து தன் அறைக்குள் புகுந்துகொண்டான்.

பதினோராவது அழுகையும் திரும்பி வந்த அன்றைக்கு அவன் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தான். முப்பத்துமூன்றாம் நாள் சாயங்காலம் என்று எழுதியிருந்த பதிவில்தான் அந்த அழுகை இருந்தது. பெற்ற பிள்ளை தேம்பித் தேம்பி அழுகிறாள். அவன் கை முதலில் எங்கே போனது தெரியுமா? ஒலி அளவுக்கு. அளவு காட்டுகிற முள் சிவப்பைத் தொடாமல் எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது என்று பார்த்தான். அவனை நான் திட்டப்போவதில்லை. அவனே இன்றைக்கு அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறான்.

‘போகாதம்மா’ என்றுதான் பிள்ளை அழுதிருந்தாள். டைனோசருக்கு ஏது அம்மா! பின்னால் இருந்த அம்மாவை நறுக்கி எடுத்துவிட்டான். குரலைக் கொஞ்சம் மேலே ஏற்றினான். பின்னணி இரைச்சலைத் துடைத்தான். ஒன்றே ஒன்றுதான் போகவில்லை. பழைய வீட்டில் ஒரு கிழட்டு ஃபிரிட்ஜ் இருந்தது. மோட்டார் நிற்கும்போதெல்லாம் உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ‘டக் டக்’ என்று இரண்டு தட்டுத் தட்டும். அந்தத் தட்டு ஒரு விம்மலுக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்தால் விம்மலும் போய்விடும். யாருக்குக் கேட்கப்போகிறது என்று விட்டுவிட்டான்.

* * *

மதியம் டீச்சர் போன் செய்தாள். எடுத்ததும் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

“என்னங்க, ஒரு அதிசயம்! அந்தச் சிவப்பு ரிப்பன் பொண்ணு இருக்கால்ல?”

இருக்கிறாள். ஐந்து வயது. ஏழு மாதமாக வருகிறாள். தலையாட்டுவாள், கையைக் காட்டுவாள். வாய் மட்டும் திறக்காது. அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் டீச்சர் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிடுவாள்.

“இன்னிக்கு நேரம் முடிஞ்சுதுன்னு நான் ஆப்பை மூடப் போனேன். மூணு கொம்பன் அழுதான். இவ என் கையைத் தள்ளிவிட்டுட்டு, ‘அழாத, நான் இருக்கேன்’னு சொன்னா! முழுசா மூணு வார்த்தைங்க! அவங்க அம்மா கீழேயே உட்கார்ந்துட்டாங்க.”

“நல்லது” என்றான்.

“அழுதது யார் வீட்டுப் பிள்ளைன்னு கேட்டுச் சொல்லுங்க. அந்த அம்மாவுக்கு நான் ஒரு நன்றி சொல்லணும்.”

காது சுவரைப் பார்த்தான்.

“இருக்கீங்களா? இன்னொண்ணு கேக்கணும். அந்த ‘போகாத’ முடியற இடத்துல உதடு மூடுதுங்க. அப்படியே முடிஞ்சிருந்தா வாய் திறந்துதானே இருக்கணும்? பின்னால ஏதாவது வெட்டினீங்களா?”

“வந்தது அப்படியே போட்டதுதான்.”

“இல்ல, நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு இதை வெச்சுத்தான் பாடம் எடுக்கணும். எது அவளைப் பேச வெச்சுதுன்னு எனக்குத் தெரியணும். ஹெட்போன் போட்டு மறுபடியும் கேக்கறேன்.”

வைத்துவிட்டாள். குழந்தையின் உதடு மூடுகிறதா திறக்கிறதா என்று கேட்டே சம்பாதிக்கிறவள் அவள். காதின் மனைவிக்கும் காது உண்டு என்பதை இந்தப் பதினைந்து நாளாக அவன் சுத்தமாக மறந்துபோயிருந்தான்.

அவசர அவசரமாக மூலப் பதிவைத் திறந்தான். விம்மலையும் அந்த ஃபிரிட்ஜ் தட்டையும் வேறு ஏதாவது வைத்து மூட முடியுமா என்று பார்க்கத்தான் திறந்தான். அன்றைக்கு வேலைக்கு வேண்டிய அரை நிமிஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிட்டிருந்தான். மீதியைக் கேட்கவில்லை. இன்றைக்கு நிறுத்த மறந்துவிட்டான். அது ஓடிக்கொண்டே போனது.

பதினோராவது நிமிஷத்தில் அம்மா போனை வைக்கிறாள். அழுகை ஆரம்பிக்கிறது. பாத்திரம் உருள்கிற சத்தம். பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம். காது யாரையோ, ஒருவேளை பாலைத்தான், திட்டுகிறான். முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் அவனுடைய செருப்புச் சத்தம் மைக்குக்குப் பக்கத்தில் வருகிறது.

“இப்போ நிறுத்தப்போறியா இல்லையா? அழற பிள்ளையை அம்மாவுக்குப் பிடிக்காது. நீ அழறேன்னு தெரிஞ்சுது, அம்மா திரும்பி வரவே மாட்டா. அவகிட்ட சொல்லாத. புரிஞ்சுதா?”

அழுகை அந்த இடத்திலேயே நின்றது. குழாயை மூடினால் நிற்குமே, அப்படி.

இதைச் சொன்னது அவனுக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்குக் காய்ச்சலோடு வேலைக்குப் போய் வந்திருப்பான், துணி ஊறிக்கொண்டிருந்திருக்கும், ஏதோ ஒன்று. ஒரே ஒரு நாள் சொன்னதுதான். சொன்னவன் மறந்துவிட்டான்.

முப்பத்துநான்காம் நாளைத் திறந்தான். அம்மா போனை வைக்கிறாள். அழுகை இல்லை. முப்பத்தைந்து, இல்லை. நாற்பது, இல்லை. ஒலியைக் கூட்டிப் பார்த்தான். மேஜைக்கு அடியில் யாரோ மூச்சை அடக்கி, விட்டு, மறுபடியும் அடக்குவது கேட்டது. அப்போது அவன், ‘பரவாயில்லையே, பழகிட்டா’ என்று சந்தோஷப்பட்டிருந்தான். அந்தச் சந்தோஷம் நன்றாக ஞாபகம் இருந்தது.

* * *

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். இந்தத் தடவை எதையும் வெட்டவில்லை.

அவள் சுவரில் இருந்த மூணு கொம்பனைப் பார்த்தாள்.

“என் அண்ணன் தம்பி வகையில இருக்கிறதே ஒரு பிள்ளை. அவ அழறதை ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நானே போட்டுக் காட்டியிருக்கேன். ஏண்டா, என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

“நல்லா இருந்துதுக்கா. பதிவு ரொம்ப நல்லா இருந்துது. அதைத் தவிர வேற எதுவும் தோணல.”

அதைவிட மோசமான பதிலை அவனால் யோசித்துக்கூடச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் உண்மை அதுதான்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். தம்பியை அணைத்துத் தேற்றுகிற ரகம் இல்லை அவள். “மூணு மணி ஆகப்போகுது. ஆப்பை மூடினா ஏதாவது ஒரு சத்தம் வந்தே ஆகணும். எல்லாம் அதைச் சுத்தித்தான் கட்டியிருக்கு. போய் வேற ஒண்ணு கொண்டு வா. கேட்டுட்டுச் சொல்றேன்.”

பதிவறைக் கதவைச் சாத்திக்கொண்டான். அழுது பார்த்தான், நடிப்பு வாடை. சிணுங்கிப் பார்த்தான், அதற்கு அவனே கூசினான். கடைசியில், தூங்காத கண்ணும் அலுத்த உடம்புமாக, மைக்குக்கு முன்னால் ஒரு கொட்டாவி வந்தது. ஆ... என்று நீளமாக, நிஜமாக. அதை அப்படியே விட்டு, “எனக்குத் தூக்கம் வருது. நீயும் போய் விளையாடு. நாளைக்குப் பார்க்கலாம்” என்று சொன்னான். குரலை மேலே ஏற்றினான். திரையில் மூணு கொம்பன் கண்ணைச் சொருகிக்கொண்டு கொட்டாவி விட்டான்.

அக்கா இரண்டு தடவை கேட்டாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது அவளுக்கு, உடனே அடங்கியும்விட்டது.

“பிள்ளைங்களைப் போகச் சொல்ற டைனோசரா? பத்தொன்பது நிமிஷம் மறுபடியும் ஏழாயிடும்டா. இதைக் காட்டித்தான் பணம் போட்ட பெரிய ஆளுங்ககிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“அக்கா...”

“வெச்சுட்டுப் போ. நாலு மணிக்குள்ள யோசிக்கறேன்.”

அறைக்குத் திரும்பியபோது போனில் மனைவியின் செய்தி வந்திருந்தது. மூன்றே வார்த்தைகள்.

‘பழைய வீட்டு ஃபிரிட்ஜ்.’

கீழே இன்னொன்று வந்தது. ‘அந்தப் பதிவு முழுசா எனக்கு வேணும்.’

முப்பத்துமூன்றாம் நாளைப் பென் டிரைவில் போட எடுத்தான். திரையில் அலை அலையாக ஒலி ஓடியது. முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் அவனுடைய பேச்சு சின்ன மேடாகத் தெரிந்தது. முன்னே ஒரு வெட்டு, பின்னே ஒரு வெட்டு. இரண்டு நொடி வேலை. ஒட்டின இடம் மனைவிக்கு என்ன, அந்தக் கடவுளுக்கே தெரியாது. அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

விரல் அந்த இடத்துக்குப் போய் நின்றது. பத்து மாதம் தினமும் செய்த வேலைதானே, கைக்குப் பழக்கம்.

முழுசாகவே எடுத்துக்கொண்டான்.

* * *

வீட்டில் டீச்சர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. லேப்டாப்பும் ஹெட்போனும் முன்னால் தயாராக இருந்தன. பொடிசு உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“அது அவதானே?”

“ஆமா.”

“நான் போனை வெச்ச அப்புறம்.”

“ஆமா.”

“உடனே விளையாடப் போயிட்டான்னு சொன்னீங்க. பத்து மாசமும் அதையே சொன்னீங்க.” அவள் குரல் உயரவில்லை. “அவ சிரிப்பைத்தான் நான் அங்க தினம் போட்டுக் கேட்டேன். நான் இல்லாட்டியும் பிள்ளை சந்தோஷமாத்தான் இருக்குன்னு எவ்வளவு நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா? வந்த அப்புறம் அவ என்கிட்ட ஒட்டாதப்ப, சரி, இவளுக்கு நான் தேவைப்படலேன்னே முடிவு பண்ணிட்டேன்.”

“நீ படிப்பை விட்டுட்டு வந்துடுவேன்னு பயந்தேன்.”

“வந்திருப்பேனோ என்னவோ. அதை நான்ல முடிவு பண்ணியிருக்கணும்?” பென் டிரைவுக்குக் கையை நீட்டினாள். “இன்னிக்கு அந்தப் பொண்ணு வாயைத் திறந்தது என் பொண்ணு அழறதைக் கேட்டு. யாரோ ஒரு பிள்ளை ‘நான் இருக்கேன்’னு சொல்லுது. நான் சொல்லல. எவ்வளவு நேரம் அழுதா?”

“இருபத்துநாலு நிமிஷம். அதுல... கடைசியில என் குரலும் இருக்கு. அதையும் கேளு.”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

திரையில் கோடு நகர ஆரம்பித்தது. அங்கே நிற்கும் தைரியம் அவனுக்கு இல்லை. உள்ளே போய்ப் பொடிசின் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிப் புண்ணைப் பார்த்தான். துணி ஒட்டிக்கொண்டு மறுபடியும் ரத்தம் கசிந்திருந்தது. தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிரித்தான். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாம் வாய்ப்பாட்டை முடித்து ஐந்தாம் வாய்ப்பாட்டுக்குப் போனாள். அதையும் முடித்தாள்.

“அம்மா என்ன கேக்கறா?”

“நீ சின்னப் பிள்ளையா இருந்தப்போ பேசினது.”

“பேசினதா, அழுததா?”

“...அழுததுதான்.”

பொடிசின் பென்சில் நின்றது. கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவன் காதுக்குக் கிட்டே வந்து, அவசரமாக, ரகசியமாகக் கேட்டாள்.

“ஏம்ப்பா கொடுத்த? நான் இத்தனை நாள் சொல்லவே இல்லையே. இப்போ அம்மா மறுபடியும் போயிடுவாளா?”

நாலு வருஷம். பல் ஆடியது, முட்டி பெயர்ந்தது, தோழி பேசாமல் போனது. ஒவ்வொரு தடவையும் இந்தப் பிள்ளை அம்மாவை வீட்டிலேயே வைத்துக்கொள்வதற்காக வாயை மூடியிருக்கிறாள். அதற்குப் போய் அப்பா செல்லம் என்று பெருமைப்பட்டானே, அந்த முட்டாளை அவனுக்குக் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது.

நிமிர்ந்தபோது வாசலில் டீச்சர் நின்றிருந்தாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. அதில் கேட்டதோடு இங்கே கேட்டதும் சேர்ந்து முகத்தில் தெரிந்தது. அவனைப் பார்க்கவில்லை. நேராக வந்து தரையில் உட்கார்ந்து, பொடிசின் முழங்கையைத் தன் கையில் ஏந்தினாள்.

“வலிக்குதாடா?”

“இல்ல.”

“அம்மா எங்கயும் போகல. அழுதாலும் போக மாட்டேன். சொல்லு, வலிக்குதா?”

பொடிசு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை.

“அழு கண்ணு” என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. “அப்பா அன்னிக்குச் சொன்னது பொய். அம்மாவுக்கு அப்படியெல்லாம் இல்ல. அப்பா பொய் சொல்லிட்டேன்.”

பிள்ளையின் கீழ் உதடு முதலில் துடித்தது. பிறகு முகம் முழுக்கக் கோணியது. “வலிக்குதும்மா” என்று ஆரம்பித்த குரல் ஒரு பெரிய விம்மலில் போய் முட்டிக்கொண்டது. அதே விம்மல். வயது நாலு கூடியிருந்தது, அவ்வளவுதான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அக்கா. நின்று, மறுபடியும் அதிர்ந்தது. மணி ஆறேகால். எந்த மூணு கொம்பன் நாலு மணிக்கு வெளியானான், அழுகிறவனா கொட்டாவி விடுகிறவனா என்பதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள். காரியம் நல்லபடியாக முடிந்திருந்தால் அவள் இரண்டு தடவை கூப்பிடுகிற ரகம் இல்லை.

டீச்சர் பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டாள். அதன் தலைக்கு மேலே, அவன் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

“கதவைச் சாத்திட்டு வெளியில இருங்க.”

சாத்தினான். கதவுக்கு வெளியே நின்றாலே அவனுக்கு எல்லாம் கேட்கும், மூச்சுக்கூடக் கேட்கும். வீட்டில் அந்தச் சத்தம் எட்டாத இடம் எது என்று யோசித்துப் பார்த்தான். சமையலறையைத் தாண்டி, துணி உலர்த்துகிற பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றான். கையில் போன் மூன்றாவது தடவையாக அதிர ஆரம்பித்தது.